நாப்ஃபா 2.4 கிலோமீட்டர் ஓட்டம்: ஆஸ்துமா உள்ள மகனுக்கு வழி கேட்கிறேன்

வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறோம். என் மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான், வயது 16. இன்னும் மூன்று வாரத்தில் பள்ளியில் நாப்ஃபா உடலுறுதிச் சோதனை.

ஆறு அங்கங்களில் ஐந்து அவனுக்குப் பிரச்சினையே இல்லை. புல்-அப் ஏழு எடுக்கிறான்; அதற்காக ஆறு மாதமாக வீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் தொங்கியிருக்கிறான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில்தான் தடுமாறுகிறான். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. நான்காவது சுற்றில் மூச்சு இழுக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, அன்று இரவெல்லாம் இருமல். பிப்ரவரியிலிருந்து இப்படித்தான்.

மருத்துவர் சொன்னபடி ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலர் (மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்து) எடுக்கிறான். மெதுவாக உடலைச் சூடேற்றிய பிறகே ஓடுகிறான். மாலையிலும் ஓடிப் பார்த்தான். பயனில்லை.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஓட்டத்திலிருந்து விலக்குப் பெறக் கடிதம் கேட்டேன். 'கடும் உடற்பயிற்சி தவிர்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பள்ளி, சோதனை முழுவதிலிருந்தும் விலக்கிவிடுவதாகச் சொல்கிறது. அவன் அழுதுவிட்டான். நோய் இருக்கிறது என்பதற்காக முடிந்ததையும் பறிப்பது நியாயமில்லை.

ஓட்டத்துக்கு மட்டும் விலக்குப் பெற்று, மற்ற ஐந்தையும் செய்த பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: மருத்துவரின் கடிதத்தில் எந்த வாசகம் இருந்ததால் பள்ளி ஒப்புக்கொண்டது?