அழித்தாலும் மீண்டும் எரியும் என்ஜின் விளக்கு: பி0303 கோளாறுக்கு என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 2016ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் நல்ல மழையில் நாங்குநேரியைத் தாண்டும்போது மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. மேட்டில் இழுவை குறைவதோடு விளக்கும் விட்டுவிட்டு எரிகிறது. மெக்கானிக் ஒருவர் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி மாட்டியதும் அணைந்த விளக்கு, இரண்டே நாளில் திரும்ப எரிந்தது. காரின் கணினியைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு காயில்களையும் மாற்றச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை அம்மாவை மதுரையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அந்தக் கோளாறுக் கோடை அழித்துவிட்டு ஓட்டலாமா?

பதில் 1:
தம்பி, அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க் ஷாப் வரை போகலாம். விட்டுவிட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கிவிடக்கூடும் என்று பொருள். அதன் விலைக்குக் காயிலின் விலை ஒன்றுமே இல்லை.

பி0303 என்பது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. காயில் கெட்டது என்று சொல்லவில்லை. ஆகவே நான்கையும் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது காயிலை இரண்டாவதன் இடத்திலும் இரண்டாவதை மூன்றாவதன் இடத்திலும் மாட்டி, கோடை அழித்துச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். பி0302 என்று மாறி வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0303 அப்படியே நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதே போல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) என்று பார்க்க வேண்டும். காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள்: தண்ணீர் இருந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது, ஆயில் இருந்தால் என்ஜின் மேல்மூடியின் சீல் கசிகிறது.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றுவது பழுதுபார்ப்பு அல்ல. கோளாறு பதிவான நொடியில் என்ஜினின் வேகம், சூடு, லோடு ஆகியவை என்ன என்று கணினி குறித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதில் போய்விடும். அழிக்கும் முன் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன்; கோடு பி0302 ஆக மாறியது. குழியின் ஓரத்தில் ஈரம் காய்ந்த தடம் இருந்தது. காயிலின் ரப்பர் உறையைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, மேலிருந்து கீழ்வரை தலைமுடி அளவுக்கு ஒரு கருகிய கீற்று ஓடியிருந்தது. அந்த வழியாகத்தான் மின்பொறி வெளியே கசிந்திருக்கிறது போலும். ஒரே ஒரு காயிலும் நான்கு பிளக்குகளும் மாற்றி, குழியைத் துணியால் ஒற்றி உலர்த்தி, கடைசியாகத்தான் ஸ்கேனரில் கோடை அழித்தேன். இன்று அறுபது கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. நடுக்கம் இல்லை, நிலுவைக் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறுக் குறியீடு) எதுவும் காட்டவில்லை. அம்மாவை இதே வண்டியிலேயே அழைத்துப் போகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.