அம்மாவுக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்க முடிகிறது, இது நல்லதா?

வெள்ளவத்தை மூத்தவன்:
அம்மாவுக்கு 66 வயது. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் வாசிக்க மாட்டார். இப்போது இரண்டு மூன்று மாதமாகக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீரகேசரியில் மரண அறிவித்தல் பக்கத்தை ஒன்றுவிடாமல் வாசிக்கிறார். பொன்னாங்காணி வேலை செய்கிறது என்று மாமிக்கு ஒரே பெருமை. ஆனால் காலி வீதியில் நின்றால் வருகிற பஸ் 100ஆ 101ஆ என்று என்னைத்தான் கேட்கிறார், இரவில் வாகன லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறதாம். சீனி வருத்தம் 15 வருடமாக இருக்கிறது. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டால் போதுமா?

கண்ணாடிக்காரன்:
போதாது. இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன், இப்போது கண்ணாடி போடாதீர்கள். கண்ணுக்குள் இருக்கிற வில்லையின் நடுப்பகுதி வயதோடு இறுகும்போது அதன் பவர் கூடிவிடும், கண் கிட்டப்பார்வைக்கு மாறும். அதனால்தான் பேப்பர் தெரிகிறது, பஸ் நம்பர் தெரியவில்லை. பார்வை திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். கொஞ்ச நாளில் கிட்டவும் மங்கிவிடும். இன்னொன்று, இரத்தத்தில் சீனி ஏறினாலும் வில்லை ஊதிப் பவர் மாறும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, சீனி கட்டுக்குள் வந்து சில வாரம் போன பிறகுதான் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு தண்டம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தேசிய கண் வைத்தியசாலைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை. வெள்ளெனவே போய்விடுங்கள், கிளினிக் கொப்பியும் குடிக்கிற மருந்துகளும் கையில் இருக்கட்டும். துளி மருந்து விட்டுக் கண்மணியைப் பெரிதாக்கிப் பின்னால் விழித்திரையைப் பார்ப்பார்கள், நாலைந்து மணித்தியாலத்துக்கு வெயில் கூசும், தனியே விடாதீர்கள், ஓட்டோவில் கூட்டி வாருங்கள். சீனி வருத்தக்காரருக்குப் புரையைவிட விழித்திரைதான் பயம். அங்கே இரத்தக்குழாய் கசிந்தாலும் நோவு இல்லை, தொடக்கத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்வது அதற்குத்தான். என் கணவருக்கு வேறு கதை. கண் சிவந்தால் பார்மசியில் ஏதோ துளி மருந்து வாங்கி வாங்கி மாதக்கணக்கில் விட்டார், அது ஸ்டீரொயிட் கலந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப்பார்வை கொஞ்சம் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். போனது போனதுதான், திரும்பாது.

வெள்ளவத்தை மூத்தவன்:
நன்றி இரண்டு பேருக்கும். செவ்வாய்க்கிழமை போகிறோம். ஒப்பரேஷன் செய்து புரை வில்லையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள் என்றதும் அம்மா "கண்ணுக்குள் பிளாஸ்டிக்கா" என்று கேட்டுப் படுத்துவிட்டார். புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார் மாமா. பொன்னாங்காணியை நிறுத்திவிடவா என்பது மாமியின் கேள்வி.

கண்ணாடிக்காரன்:
பொன்னாங்காணி தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல கீரை, ஆனால் புரையைக் கரைக்கிற கீரையும் இல்லை, துளி மருந்தும் இல்லை. முற்றட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு, இப்போது முற்றவிட்டால் வில்லை இறுகி ஒப்பரேஷன்தான் கஷ்டமாகும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் செய்யலாம். பிளாஸ்டிக் பயத்துக்கு ஒரு கதை சொல்லுங்கள்: உலக யுத்தத்தில் விமானக் கண்ணாடி நொறுங்கி அதன் பேர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின, கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை. ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் அதைக் கவனித்துத்தான் 1949இல் லண்டனில் முதல் பிளாஸ்டிக் வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். கண்ணை மட்டும் மரக்கச் செய்து, அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் எப்போதாவது மின்னல் மாதிரி வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கொட்டினாலோ, திரை இழுத்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ செவ்வாய்க்கிழமை வரை பார்த்திருக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள்.

வெள்ளவத்தை மூத்தவன்:
சரி. ஒப்பரேஷனுக்குப் பிறகு மரண அறிவித்தல் கண்ணாடி இல்லாமல் தெரியுமா?

கண்ணாடிக்காரன்:
வழமையாகத் தூரத்துக்குத்தான் வில்லை வைப்பார்கள். பஸ் நம்பர் தெரியும், பேப்பருக்குக் கண்ணாடி வேண்டும்.

வெள்ளவத்தை மூத்தவன்:
இதை அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை, டொக்டரே சொல்லட்டும்.