வேர்முடிச்சு நூற்புழுவும் வேப்பம் புண்ணாக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

போன மாசியில் மொட்டை மாடியில் எட்டுப் பையில் தக்காளி வைத்தேன். பூ எடுக்கும் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் உச்சி வெயிலில் தலை தொங்கும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லையென்று மேலும் மேலும் ஊற்றினேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மண்ணிலிருந்து வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை இது. பயறுச் செடி வேரில் இருக்கும் நல்ல முடிச்சு நகத்தால் தள்ளினால் உதிரும். இதில் வேரே வீங்கியிருப்பதால் பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

மண்ணைக் கொட்ட மனசு வரவில்லை. மூன்று மாடி சுமந்தவன் நான். சித்திரை வெயிலில் தார்ப்பாயில் பரப்பிக் காயவிட்டு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, மறுநாளே நாற்று நட்டேன். நாலே நாளில் அத்தனையும் கருகிவிட்டது! புண்ணாக்கு மக்கும்போது கிளம்பும் அம்மோனியாவும் நூற்புழுவை ஒடுக்குகிறது. இளம் வேரையும் அதுதான் சுடுகிறது. அடுத்த முறை ஈரம் காயாமல் பதினைந்து நாள் விட்டேன். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது, கிளறிவிட்டதும் போய்விட்டது. அதன் பிறகு நட்டது நன்றாகக் காய்த்தது. காய்ப்பு ஓய்ந்து பிடுங்கியபோது நுனி வேரில் மட்டும் சில முடிச்சுகள். அடியோடு ஒழியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

அண்ணா, எங்களுக்குக் கத்தரித் தோட்டம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுகிறோம். துளி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன், கசப்பு லேசில் போகக் கூடாது. ஒரு தடவை பாக்காமல் வாங்கி, பாதி மணல். அதோடு, முடிச்சு அதிகமான பாத்தியில் ஒரு போகம் செண்டுமல்லியை நெருக்கமாகப் போட்டோம். பூ ஆயுத பூஜைக்கு விலை போனது, அடுத்து வைத்த கத்தரி வேரும் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் நாலு செடி வைத்தால் பலன் இல்லை, பாத்தி நிறைய வேண்டும்.

---

நான் புண்ணாக்கு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று வீட்டிலிருந்த கடலைப் புண்ணாக்கைப் போட்டேன். காலையில் பார்த்தால் பெருச்சாளி மூன்று தொட்டியையும் தோண்டிப் போட்டிருக்கிறது. செண்டுமல்லி விதையை எத்தனை நாள் முன்னால் போட வேண்டும், அண்ணா?

---

கத்தரி நடுவதற்கு மூன்று மாதம் முன்னால் போடுங்கள். பூ முடிந்ததும் செடியை அங்கேயே மடக்கி உழுதுவிடலாம். தொட்டி என்றால் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள்.