ஹப்புக்குத் தமிழ்: குறடா, குடமா, வட்டார மையமா?

அன்புடையீர், வணக்கம்.
ஊருக்கு வேண்டிய தகவலைத் தரும் அறிவு மையம் நடத்தப்போகும் மகளிர் குழுக்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியில் தொடங்கிய திட்டம்தான் அதில் எடுத்துக்காட்டு. சக்கரத்தின் நடுக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ஹப், அதிலிருந்து விளிம்புக்குப் போகும் கால்களுக்கு ஸ்போக். இந்தத் திட்டத்தில் தகவலைத் திரட்டி அனுப்பும் வில்லியனூர் ஹப், சுற்றியுள்ள ஊர்கள் ஸ்போக். ஹப்பை 'மையம்' என்றேன். ஆனால் ஊரில் இருப்பதும் அறிவு மையம்தான். "மையம் மையங்களுக்குத் தகவல் அனுப்பும்" என்று வந்து நிற்கிறது. படித்துப் பார்த்த அக்கா ஒருவர், "எந்த மையம்மா?" என்றார்.
– க.

க. அம்மா,
சொல் நம்மிடமே இருக்கிறது: குறடு. சிறுபாணாற்றுப்படையில் 'நோன்குறட்டு ஆரஞ் சூழ்ந்த' என்று தேர்ச்சக்கரத்தைச் சொல்லும் இடம். குறடு ஹப், ஆரம் ஸ்போக். இரண்டும் அடுத்தடுத்த சொற்களில் கிடைத்துவிட்டன! 'குறு' என்பதே வேர் என்று நினைக்கிறேன். குறுகத் தறித்த கட்டை குறடு. சந்தனக் குறடு, பாதக்குறடு எல்லாம் அதன் வழிதான். மரக்கட்டையைக் குறிக்கும் குற்றியையும் இங்கே சேர்க்கலாம்.
– பு.

ஐயா,
குறடு என்றால் எங்கள் ஊரில் ஆணி பிடுங்கத்தான் எடுத்து வருவார்கள். என் அப்பா வண்டித் தச்சர். அவர் வாயில் வந்ததெல்லாம் நடுக்கட்டைக்குக் குடம், கால்களுக்கு ஆரக்கால், விளிம்புக்கு வட்டை. ஆரக்காலைக் குடத்துத் துளையில் தட்டி இறக்கும்போது சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தட்டுவார். 'டொக்' என்பது 'டக்' என்று மாறினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் நாலு பேருக்காவது தெரிந்த சொல் அது. குடம் என்றே போடலாம்.
– மு.

தண்ணீர்க் குடம் என்று நினைத்துவிட மாட்டார்களா, அண்ணா?
– க.

சக்கர உவமையே எனக்கு இடிக்கிறது. குடம் இல்லாமல் ஆரக்கால் நிற்காது. ஊர் நிற்கும். இடம் கொடுத்தது ஊர்தான். அந்தத் திட்டத்து ஊரான ஏம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே கொடுத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது மீனவர்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற கடலோர ஊருக்கு எச்சரிக்கை ஹப்பிலிருந்தா வந்தது? சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரிலிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பி ஓடச் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊரை இன்னொன்றின் கால் என்று எழுத மனசு வரவில்லை. 'வட்டார மையம்', 'ஊர் மையம்'. போதும்.
– செ.

தாய் மையம் என்றால் என்ன?
– மு.

அப்புறம் ஊர்கள் பிள்ளைகளாகிவிடும். அதே சிக்கல்தான்.
– செ.

சரி, நாளை அச்சு. வட்டார மையம், ஊர் மையம் என்றே போடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள்.
– க.

வட்டாரம் நிலப்பரப்பைக் குறிப்பது. ஹப் செய்கிற வேலை அதில் எங்கே இருக்கிறது? தகவலைத் திரட்டி, தமிழாக்கி, பிரித்து அனுப்புவதல்லவா அது? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொற்பட்டியலில் குறடுக்கு ஒரு வரியாவது கொடுங்கள். 'வட்டாரம்' என்பதிலேயே ஆரம் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நாளை எழுதுகிறேன்.
– பு.