மறு: ‘நோமோபோபியா’வுக்குத் தமிழில் என்ன? அச்சமும் வேண்டாம், அடிமையும் வேண்டாம்

அன்புள்ள மடலாடற்குழு நண்பர்களுக்கு,

இந்த இழையைத் தொடங்கியது நான்தான் என்பதால் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் முதியவர்களுக்குக் கொடுக்கப்போகும் துண்டறிக்கைக்காக, கைப்பேசி இல்லாமல் போனால் வரும் தவிப்பைக் குறிக்கும் ‘நோமோபோபியா’வுக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். ‘கைப்பேசியின்மை அச்சம்’, ‘பேசிப்பித்து’, ‘கைப்பேசி அடிமைத்தனம்’, ‘பேசிப் பிரிவாற்றாமை’ என நான்கு வந்திருக்கின்றன. அடிமைத்தனம் என்றால் எல்லாருக்கும் புரியும், அதுவே போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். புரியும் என்பது உண்மைதான். ஆனால் என் அம்மா கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல்லை அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 74. மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு காலை தனியாகத் தேக்கா சந்தைக்குப் போனார். மீன் வாங்கியாயிற்று. காய்கறிக் கடையில், அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டைக் காட்டலாம் என்று ஹேண்ட்போனை எடுத்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்க வேண்டும். பற்றுச்சீட்டு அதற்குள். பணம் அனுப்பும் பேநவ் வசதியும் அதற்குள். பையில் மிச்சம் இருந்த ரொக்கம் இரண்டு வெள்ளி (டாலர்). கடைக்காரர் நல்ல மனிதர், வீட்டுக்குப் பேசுங்கள் அம்மா என்று தன் பேசியை நீட்டியிருக்கிறார். என் எண் அம்மாவுக்கு நினைவில்லை. அவருக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண், தோ பாயோவில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் தொலைபேசி எண். அதுவும் ஏழு இலக்கத்தில். 2002இல் வீட்டு எண்களுக்கு முன்னால் 6 சேர்த்தார்களே, அதற்கும் முந்தைய எண். நல்ல வேளையாகப் பயண அட்டை பணப்பையில் தனியாக இருந்தது. பஸ் ஏறி வந்துவிட்டார். காய்கறி கடையிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது: “கையே ஒடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.”

மூன்று வாரமாக இந்த ஒரு வாக்கியம்தான் என் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. பயந்துபோனேன் என்று அவர் சொல்லவில்லை. பேசியைப் பிரிந்து தவித்தேன் என்றும் சொல்லவில்லை. கை ஒடிந்தது என்றார்.

‘நோமோபோபியா’ எங்கிருந்து வந்தது என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். 2008இல் பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் நடத்தவைத்த ஒரு கருத்தாய்வை ஒட்டிப் பிறந்த சொல் அது. ‘நோ மொபைல் போன் போபியா’ என்ற நான்கு சொற்களையும் நெருக்கிச் செய்தது. 2018இல் கேம்பிரிட்ஜ் அகராதி நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் அதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த நோய்ப்பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில் இப்படி ஒரு நோய் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறு சேர்ந்திருக்கிறது, கைப்பேசி சேரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஓசைக்காக ஒட்டிக்கொண்ட ‘போபியா’ என்ற வாலை ‘அச்சம்’ என்று மொழிபெயர்த்து நாம் ஏன் சுமக்க வேண்டும்?

2015இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அதில் நான்கு கூறுகள் உண்டு: பிறரைத் தொடர்புகொள்ள முடியாமல் போவது, இணைப்பு அறுந்துபோவது, தகவல் கிடைக்காமல் போவது, வசதியை இழப்பது. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை இதில் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் இந்த நான்கிலும் எனக்கு முதலில் தெரிவது ‘முடியாமை’. அச்சம் அதற்குப் பின்னால் வருவது.

தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது. கையறுநிலை. கை அற்றுப்போன நிலை. அம்மா சொன்ன ‘கை ஒடிஞ்ச மாதிரி’யும் அதுவும் ஒரே வேரிலிருந்து பேசுகின்றன. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அவர் வாயில் அது தானாக வந்தது. ஆகவே நான் முன்வைப்பது: கைப்பேசிக் கையறவு. கையறவு பழைய சொல்தான், அகராதியில் செயலற்றுப்போதல் என்ற பொருளில் இருக்கிறது. கையில் இருக்கும் பேசி, அது போனால் அற்றுப்போகும் கை. இரண்டு ‘கை’யும் சேர்ந்து நிற்பதே பொருளைச் சொல்லிவிடுகிறது. இங்கே வீட்டில் எல்லாரும் சொல்வது ஹேண்ட்போன், அதனால் சிங்கப்பூர்க் காதுக்குக் ‘கை’ இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அலைபேசி, திறன்பேசி என்று தொடங்கினால் அந்த நயம் போய்விடும்.

யாழ்ப்பாணத்து ஐயா ஆட்சேபிப்பார் என்று தெரியும். இலக்கணத்தில் கையறுநிலை என்பது இறந்தவரை எண்ணிப் பாடும் துறை, பாரியை இழந்த கபிலருக்கு உரியதைக் காய்கறிக் கடைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பார். ஐயா, அந்தத் துறைப்பெயரை நான் தொடவில்லை. அதனால்தான் ‘நிலை’யை விட்டுவிட்டுக் ‘கையறவு’ என்றேன். தவிர, செய்தித்தாள்கள் இன்று கையறுநிலை என்பதை ஒன்றும் செய்ய முடியாத நிலை என்ற பொருளில் சாதாரணமாக எழுதுகின்றன. சொல் ஏற்கெனவே வீட்டுப்படி இறங்கி வந்துவிட்டது.

‘பிரிவாற்றாமை’யைச் சொன்ன கோலாலம்பூர் அக்காவுக்கு என் வணக்கம். படித்ததும் சிலிர்த்தது. குறளின் 116ஆம் அதிகாரத் தலைப்பு. ஆனால் அது அன்பு வைத்தவரைப் பிரிவது. என் அம்மாவுக்கு ஹேண்ட்போன்மேல் அன்பு ஒன்றும் இல்லை. 2020 வரை பட்டன் பேசியே போதும் என்று இருந்தவர். பெருந்தொற்றுக் காலத்தில் தொற்றுத் தொடர்பைத் தேடும் டிரேஸ்டுகெதர் செயலி, அப்புறம் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ், அப்புறம் பற்றுச்சீட்டு என்று ஒவ்வொன்றாக வந்தபோது எங்களுக்காகக் கற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டைச் சமூக மன்றத்தில் தாளில் அச்சடித்தும் வாங்கலாம். “எல்லாரும் போன்ல வச்சிருக்காங்க, நான் மட்டும் எதுக்கு” என்று அவர்தான் கேட்டு வாங்கவில்லை. அந்தப் பேச்சில் இருந்த கூச்சம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதனால்தான் ‘அடிமைத்தனம்’ என்ற சொல்லோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. குடிக்கு அடிமை, சூதுக்கு அடிமை என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லில் குற்றம் முழுவதும் அடிமையானவர் தலையில் விழுந்துவிடுகிறது. அடிமை என்றால் ஆண்டை ஒருவர் இருக்க வேண்டுமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சரி. ஆனால் தெருவில் யாரும் அந்த ஆண்டையைத் தேடுவதில்லை, “உனக்குக் கட்டுப்பாடு இல்லை” என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்கு மாற்றாகக் ‘கைப்பேசிப் பிணிப்பு’ என்று வைக்கலாமா? பிணித்தல் என்றால் கட்டுதல். பிணி என்றால் நோயும்தான். நோய் என்று அடித்துச் சொல்லாமல், அந்த நிழலை மட்டும் வைத்துக்கொண்டு, ‘கட்டியது யார்’ என்ற கேள்விக்கு இடம் விடுகிறது. என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். இந்த 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும்கூட, கைப்பேசி கூடாது என்று கல்வி அமைச்சு வைத்திருக்கிறது. முதல் வாரம் அவன் வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் பேசியோடு உட்கார்ந்தான். அவனைக் கட்டியிருப்பது விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் காணொளிகள், நண்பர்களின் குழு அரட்டை. என் அம்மாவைக் கட்டியிருப்பது பணம் கட்டவும் மருத்துவ முன்பதிவுக்கும் வங்கிக்கும் அதே ஒரு கருவி என்று ஆகிப்போன ஏற்பாடு. இருவருக்கும் கட்டு ஒன்றுதான், கட்டிய கை வேறு. அவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு, அவருக்குச் செய்து கொடுக்க வேண்டியது வேறு. ‘அடிமை’ என்ற ஒரே சொல்லால் இருவரையும் அழைத்தால் பேரனுக்குச் சொல்லும் புத்திமதியையே பாட்டிக்கும் சொல்லிவிடுவோம். எங்கள் துண்டறிக்கையின் முதல் வரைவில் அதுதான் நடந்திருந்தது. “திரை நேரத்தைக் குறையுங்கள்” என்று 74 வயதுக்காரருக்கு எழுதிவைத்திருந்தோம்.

பிணிப்பில் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். வேதியியலில் ‘பிணைப்பு’ நிலைத்துவிட்டது, ஓரெழுத்து மாறினால் குழப்பம். மாணவர்களிடம் சொல்லிப் பார்த்த ஆசிரியர்கள் குழுவில் இருந்தால் எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் வந்தால் பிணிப்பை விட்டுவிட நான் தயார். கையறவைக் கைவிட எனக்கு மனமில்லை.

இன்னொன்று. சொல்லுக்குச் சொல் பெயர்க்காவிட்டால் மூலத்தின் பொருள் தெரியாது என்ற வாதம் இந்தக் குழுவில் அடிக்கடி வருகிறது. எங்கள் ஊர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘இன்டர்’ ஒரு பக்கம், ‘நெட்’ ஒரு பக்கம் என்று அவர் கூறுபோடவில்லை. ‘இணை’ என்ற வினையை எடுத்து நிறுத்தினார், அது நின்றது. ‘வேர்ல்டு வைடு வெப்’பை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த ‘வையவிரிவலை’யை இன்று சொல்பட்டியலில்தான் தேட வேண்டியிருக்கிறது. ‘கைப்பேசியின்மை அச்சம்’ எனக்கு அந்த வரிசையில்தான் தெரிகிறது. துல்லியமான சொல், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை.

துண்டறிக்கை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ‘கைப்பேசிக் கையறவு’ பற்றி உங்கள் கருத்து வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் விளக்கம் சொல்லாமல் இந்தச் சொல்லைக் கூறி, என்ன புரிகிறது என்று கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அம்மாவிடம் நேற்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “போன் கெட்டுப்போய் நிக்கிறதா?” என்றார்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து

பி.கு.: இழையில் வந்த மற்ற இரண்டு. சட்டைப்பையில் பேசி அதிராமலே அதிர்ந்ததாகத் தோன்றுவதற்கு ‘மாய அதிர்வு’ நன்றாக இருக்கிறது, மேலே தேட வேண்டாம். எதிரே ஆள் இருக்கும்போது பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு 2012இல் ஆஸ்திரேலியாவில் ‘ஃபப்பிங்’ என்று ஒரு சொல் செய்தார்கள். அதற்குப் ‘பேசிப் புறக்கணிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாம்தான் “முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை” என்று சொல்கிறோமே, ‘முகங்கொடாமை’ என்று வைத்தால் என்ன?