எடை அதிகமுள்ள பெண்கள் சைக்கிள் வாங்கிய கதை: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

எனக்கு 96 கிலோ. அதை மறைக்காமல் சொல்லித்தான் கடையில் கேட்டேன், எந்த சைக்கிள் தாங்கும் என்று. "வீட்டிலேயே வெச்சு மிதிக்கிற மெஷின் இருக்கே மேடம்" என்றார் கடைக்காரர். கேலி இல்லை, அவருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர் திருப்பாப்புலியூரில் பஞ்சர் ஒட்டும் பெரியவர். "சீட்டைப் பாக்காதம்மா, பின் சக்கரத்தைப் பாரு. பாதிக்கு மேல வெயிட்டு அதுலதான் இறங்குது" என்று சொல்லி, அங்கே நின்ற ஒரு சைக்கிளில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திக் காட்டினார். ஒரு ஜோடி மட்டும் தொளதொளவென்று உள்ளே போனது. அப்படி விட்டால் முதலில் சக்கரம் கோட்டமாகும், அப்புறம் கம்பி உடையும்.

அதன் பிறகு கடையில் நான் கேட்ட கேள்விகளே வேறு. பின் சக்கரத்தில் 36 கம்பி இருக்கிறதா, ரிம் டபுள் வால் (உள்ளே இரட்டைச் சுவர்) கொண்டதா, டயர் இரண்டு இன்ச் அகலம் வருமா. கையேட்டில் எடை வரம்பும் இருக்கும். 100, 120 கிலோ என்று பல கம்பெனிகள் போட்டிருக்கின்றன. பையில் வைக்கும் சாமானும் அதில் சேர்த்தியா என்று பாருங்கள். விலை குறைந்த மாடலில் முன்பக்க ஷாக் அப்சார்பர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் சமதரைக்கு அது வீண் சுமை. புது சைக்கிளின் கம்பிகள் ஓட்ட ஓட்டக் கொஞ்சம் தளரும், ஒரு மாதத்துக்குள் மெக்கானிக்கிடம் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

மேடு என்று பார்த்தால் கெடிலம் பாலம்தான். எனக்கு அதைவிடப் பெரிய எதிரி காற்று. கோடை மாலையில் சில்வர் பீச் பக்கம் போனால் கடல் காற்று நெஞ்சில் வந்து மோதும். திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். அதனால் நான் மாலையில்தான் போகிறேன்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

எனக்கு ஓட்டவே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அறந்தாங்கிக்காரர், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தபோது பழகியவர். ஹெலிபேட் மைதானத்தில் எனக்கு அவர்தான் வாத்தியார். நடுக்கம்பி தாழ்வான லேடீஸ் மாடல்தான் வாங்கினோம், தடுமாறினால் சட்டென்று இறங்கிவிடலாம். முதலில் பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போகச் சொன்னார். பேலன்ஸ் வந்த பிறகுதான் பெடல் மாட்டினார்.

அதோடு சீட்டையும் ஏற்ற வேண்டும். தாழ்ந்த சீட்டிலேயே மிதித்தால் முட்டி போய்விடும், நம் எடைக்கு இன்னும் சீக்கிரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு.

நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு அங்கிள், "டயர் வெடிச்சிடப் போகுதும்மா" என்று சிரித்தார். "காத்து சரியா இருந்தா வெடிக்காது தம்பி" என்றார் அம்மா. அவர் அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர்!

கடலூர் முதுநகர்

அகலமான பஞ்சு சீட் கேட்டு வாங்காதீர்கள். உட்கார்ந்ததும் சுகமாகத்தான் இருக்கும், போகப்போகத் தொடை உரசிப் புண்ணாகிவிடும். உட்காரும் எலும்பு இரண்டும் பதிகிற அளவு அகலம், கொஞ்சம் கெட்டியான சீட், அது போதும். சுடிதாருக்குள் முட்டி வரை இறுக்கமான ஷார்ட்ஸ், உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், செயினில் மாட்டும்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். குறைந்தபட்ச அளவு, அதிகபட்ச அளவு என்று இரண்டு எண் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அதிகபட்சத்தை ஒட்டி அடிக்க வேண்டும், பின் டயருக்கு முக்கியமாக. கம்மியாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் இடித்து ட்யூப் கிழியும்.