காப்பகத்துக் குட்டிப் பூனை: தும்மல், பீளை, கழிச்சல். எதுக்கு ஓடணும், எதை வீட்டிலேயே பார்க்கலாம்?

தங்கச்சிமடம்_வாசி:

வணக்கம். வெளியூர்க் காப்பகம் ஒன்றிலிருந்து பெண் குட்டி ஒன்றை எடுத்து வந்து இன்றோடு மூன்று நாள். வயது ஏழு வாரம் என்றார்கள். மீன் கடைத் தராசில் வைத்தால் 620 கிராம். நேற்றிலிருந்து தும்மல். இடது கண் காலையில் பீளை கட்டி ஒட்டிக்கொள்கிறது. கழிச்சல் நாளைக்கு நாலைந்து தடவை, மஞ்சளாக, கூழ் மாதிரி. ஓடி விளையாடுகிறது. பச்சைச் சாளையும் பசும்பாலும் கொடுத்தால் சாப்பிடுகிறது, வேறெதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை.

காப்பக அட்டையில் "பூச்சி மருந்து 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன மருந்து, என்றைக்குக் கொடுத்தது, எதுவும் இல்லை. தடுப்பூசி போடவில்லை.

மெடிக்கலில் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், அட்டையில் டெக்சாமெத்தசோன் என்று இருக்கிறது. ஊற்றலாமா? பூச்சி மருந்து சிரப் வாங்கினால் எத்தனை மில்லி? ராமநாதபுரம் போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அதனால் எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று தெரிந்தால் உதவி.

உச்சிப்புளிக்காரன்:

அந்தச் சொட்டு மருந்தை மூடி அலமாரியில வைங்க, ஊத்தாதீங்க. காப்பகத்துக் குட்டிக்குத் தும்மலும் கண் பீளையும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் ஹெர்பீஸ் வைரஸ், இல்லைன்னா கலிசி வைரஸ், சில நேரம் கிளமிடியா. ஹெர்பீஸ் கருவிழியில புண் போடும். அந்தப் புண்ணு மேல ஸ்டீராய்டு பட்டா ஆறாது, ஆழமாகும், கண்ணே போகலாம். டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன்னு அட்டையில எது இருந்தாலும் இதே கதைதான். டாக்டர் கண்ணுல பச்சைச் சாயம் விட்டுப் புண் இல்லைன்னு பார்த்த பிறகுதான் அதெல்லாம்.

இப்போதைக்கு உப்புத் தண்ணி போதும். அரை லிட்டர் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு முக்கால் டீஸ்பூன் உப்பு (தலை தட்டி, நாலரை கிராம்) போட்டு ஆற விடுங்க. பஞ்சை நனைச்சுக் கண்ணு மேல அரை நிமிஷம் சும்மா வெச்சிருங்க, காஞ்ச பீளை ஊறிடும். அப்புறம் மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா ஒரே இழுப்பு. கண்ணுக்கு ஒரு பஞ்சு, திரும்ப அதையே முக்காதீங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. தண்ணிய மறுநாள் கொட்டிட்டுப் புதுசா வைங்க.

மூக்கடைப்புக்குக் குளியலறையில சுடுதண்ணி பிடிச்சு ஆவியில பத்து நிமிஷம் குட்டியோட உட்காருங்க, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

எப்போ ஓடணும்? இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே: பன்னிரண்டு மணி நேரமா வாயில எதுவும் வைக்கலை, ரெண்டு தடவைக்கு மேல வாந்தி, கழிச்சல்ல ரத்தம், வாயத் திறந்து மூச்சு வாங்குது, ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு, கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது, இல்லை கருவிழி பால் மாதிரி கலங்கியிருக்கு. தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னாடி தலையத் தொங்கப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு ஒரு வாய்கூடக் குடிக்கலைன்னா யோசிக்கவே வேண்டாம், பான்லுகோபீனியா, அதாவது குட்டி உயிரையே எடுக்குற பூனைப் பார்வோ வைரஸா இருக்கலாம். நாய்க்குப் பார்வோ பார்க்குற அதே கிட்டுலயே பூனையோட மலத்தையும் வெச்சுப் பார்க்கலாம். "பூனைக் கிட் இல்லை"ன்னு சொன்னாங்கன்னா இதைக் கேளுங்க.

காய்ச்சலைக் கையால தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில வாசலின் தடவி ஆசனவாயில ஒரு சென்டிமீட்டர். 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் சரி. 103 தாண்டினா டாக்டர். 99-க்குக் கீழ போனா முதல்ல சூடு: சுடுதண்ணி பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க. குளிர்ந்துபோன குட்டிக்குச் சாப்பாடு ஊட்டாதீங்க, குடல் வேலை செய்யாது, வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடும். சூடு ஏறுற வரைக்கும் குளுக்கோஸ் பொடியக் கொஞ்சம் தண்ணில குழைச்சு ஈறுல தடவலாம், அவ்வளவுதான்.

நீங்க சொல்ற அளவுல, ஓடி விளையாடுற குட்டிக்கு இன்னைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டியதில்லை. ஆனா ரெண்டு நாளுக்குள்ள காட்டிடுங்க.

பாக்_ஜலசந்தி:

கழிச்சலுக்கு மருந்து தேடுறதுக்கு முன்னாடி பாலை நிறுத்துங்க. குட்டிக்குப் பசும்பால்ல இருக்கிற லாக்டோஸ் செரிக்காது, குடல்ல தங்கிப் புளிச்சுத் தண்ணியா ஊத்தும். பாதிக் குட்டிங்களுக்குப் பாலை நிறுத்தினாலே ரெண்டு நாள்ல கட்டிடும். குடிக்கத் தண்ணி மட்டும்.

அடுத்தது சாளை. நம்ம கடற்கரையில பூனைன்னா மீன்தானேன்னு ஒரு நினைப்பு, அதுலதான் நிறையக் குட்டிங்க போயிடுது. சாளை, சூடை, நெத்திலி வகையறாவுல பலதுக்குள்ள தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு. பச்சையாக் கொடுத்தா அது குட்டி உடம்புல இருக்கிற பி1 வைட்டமினை உடைச்சிடும். சில வாரத்துல முதல்ல சாப்பாடு வேண்டாம்னு ஒதுங்கும், அப்புறம் நடை தள்ளாடும், கண்மணி விரிஞ்சே இருக்கும், தலை மடங்கித் தாடை நெஞ்சில ஒட்டிக்கும், கடைசியா வலிப்பு. ஆரம்பத்துலயே பி1 ஊசி போட்டா திரும்பிடும். ஜனங்க இதை "கழுத்துல அடிபட்டுருக்கு"ன்னு நினைச்சு விட்டுடுறாங்க.

வேக வெச்சா அந்த நொதி செத்துடும். ஆனா வேக வெச்ச சாளையே தினமும் மூணு வேளையும்னாலும் தப்புதான்: எண்ணெய் மீன் மட்டுமே தின்னா வைட்டமின் ஈ தீர்ந்து, தோலுக்கடியில கொழுப்பு மஞ்சளா வீங்கும், வயித்தைத் தொட்டாலே கத்தும். மீன்காரங்க கழிச்சுப் போடுற குப்பையில பேத்தை (பலூன் மாதிரி ஊதுற விஷ மீன்) கிடந்தா கிட்டவே விடாதீங்க, ஈரல் ஒரு துண்டு போதும் உயிர் போக. கருவாட்டுல உப்பு.

அப்போ என்ன கொடுக்கிறது? குட்டிங்களுக்குன்னு போட்டிருக்கிற உலர் தீவனம். 620 கிராம் குட்டிக்கு நாள் முழுக்க 35 கிராம் கிட்ட, அஞ்சு வேளையாப் பிரிச்சு, வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் ஊறவெச்சு. இது மூக்கடைச்ச குட்டி, வாசனை தெரியாமத்தான் மோந்துகூடப் பார்க்கல. இங்கதான் மீன் உதவும்: ஒரு காரலை உப்பு, மஞ்சள் எதுவும் போடாம வேக வெச்சு, அந்தத் தண்ணில தீவனத்தை ஊறப் போடுங்க. முள்ளில்லாத சதை சுண்டுவிரல் நகம் அளவு மேல. இளஞ்சூட்டோட வைங்க. முதல் நாள் மீன் தண்ணி நிறைய, நாலாம் நாள் கால்வாசி, ஒரு வாரத்துல வெறும் தண்ணி. ஒரேயடியா மாத்தினா அதுக்கும் கழியும்.

மீன்பிடித் தடைக்காலத்துல (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14) சாளை விலை ஏறும்போது "பூனை பட்டினி கிடக்கு"ன்னு புலம்புறவங்க எல்லாம் இந்த மீன் பழக்கத்துல மாட்டினவங்கதான்.

கீழக்கரை_அளவு:

பூச்சி மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன். தப்பு நடப்பது பெரும்பாலும் மருந்தில் இல்லை, அளவில்தான்.

உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். ஆகவே இந்தக் குட்டிக்குப் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பைரன்டெல் பமோயேட், உடல் எடை கிலோவுக்கு 5 முதல் 10 மி.கிராம். இரண்டு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப, பன்னிரண்டு வாரம் ஆகும் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. ஒரே தடவையில் முடிவதில்லை, ஏனென்றால் மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் அகற்றும். உடலுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுப் புழுக்கள் பிறகுதான் குடலுக்கு வந்து சேரும். அட்டையில் தேதி இல்லாவிட்டால் அந்த "1" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இப்போது கணக்கு. 620 கிராமுக்கு அதிகபட்சம் 6 மி.கிராம். பாட்டிலில் "5 மி.லி.யில் 250 மி.கிராம்" என்று இருந்தால் ஒரு மில்லியில் 50. ஆக, கொடுக்க வேண்டியது 0.12 மி.லி. ஒரு மில்லி அல்ல, அரை மில்லியும் அல்ல. டீஸ்பூனில் அளந்தால் நாற்பது மடங்கு போய்விடும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்ச் வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்ச்தான் கிடைத்தது என்றால் மேலே யு-40 என்று இருக்கிறதா பாருங்கள்; அதில் 40 கோடு ஒரு மில்லி, நமக்கு ஐந்து கோட்டுக்குச் சற்றுக் குறைவு. யு-100 என்றால் 12 கோடு. பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகு எடுங்கள், மருந்து அடியில் தங்கும். கடைவாய் ஓரமாக, தலையை அண்ணாத்தாமல், மெதுவாக விடுங்கள். நாய்க்கான கூட்டு மருந்துகளை எடுக்க வேண்டாம்.

வாலடியில் அரிசி மணி போல் ஒட்டியிருந்தால் அது நாடாப் புழு, பைரன்டெல் அதற்குப் பயன்படாது. பிரசிகுவான்டெல் வேண்டும், கூடவே தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும், ஏனெனில் அந்தப் புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் வருகிறது. தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க: சீப்பில் வரும் கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் தேயுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம்.

பாலை நிறுத்தி மூன்று நாள் ஆகியும் கழிச்சல் நிற்காமல், சளி போல, மிகுந்த நாற்றத்தோடு போனால் காக்சிடியா என்ற குடல் நுண்ணுயிர் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குப் பூச்சி மருந்து கேட்காது. அன்றைய மலத்தை மூடியுள்ள சிறு டப்பியில் கொண்டுபோங்கள், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சளிக்கு டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினால், விழுங்க வைத்த கையோடு 3 மி.லி. தண்ணீர் கொடுங்கள். காய்ந்த மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண் ஆக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கூடவே கூடாது. பூனைக்கு அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

தங்கச்சிமடம்_வாசி:

மிக்க நன்றி. சொட்டு மருந்தை எடுத்து வைத்துவிட்டேன், பால் நிறுத்தியாச்சு. இன்னும் மூன்று. வீட்டில் ஆறு வயதுக் கடுவன் ஒன்று இருக்கிறது, தடுப்பூசி போட்டதில்லை. அறையைக் கருப்புப் பினாயில் போட்டுத்தான் துடைக்கிறோம், சரியா? மலத் தட்டில் கடற்கரை மண் போட்டிருக்கிறேன். நேற்று குட்டி என் மகள் கையைக் கீறிவிட்டது, லேசாக ரத்தம்.

உச்சிப்புளிக்காரன்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க. அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கீறல்னா வெறிநோய் ஆபத்துல மூணாம் வகை (அதிக ஆபத்து), வெறிநோய்த் தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் (உடனே காப்பு தர்ற எதிர்ப்பொருள் ஊசி) கேளுங்க. தோலுக்குள்ள போடுற ஊசி முதல் நாள், 3, 7, 28. குட்டிதானேன்னு தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே போங்க.

கடுவனையும் குட்டியையும் பதினாலு நாள் வேற வேற அறையில, தட்டு, கிண்ணம், துணி எல்லாம் தனித்தனியா. முதல்ல கடுவனைக் கவனிச்சிட்டு அப்புறம் குட்டிகிட்ட போங்க, வரும்போது கை கழுவி நைட்டி, கைலி மாத்துங்க. கடுவனுக்கும் இப்பவே தடுப்பூசி போட்டுடலாம். குட்டிக்கு எட்டு வாரத்துல முக்கூட்டுத் தடுப்பூசி (ஹெர்பீஸ், கலிசி, பான்லுகோபீனியா மூணுக்கும் சேர்த்து), மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் தாண்டுற வரைக்கும். வெறிநோய் ஊசி மூணு மாசத்துல. காய்ச்சலோட இருந்தா டாக்டர் தள்ளிப் போடுவாங்க.

கடற்கரை மண்ணைக் கொட்டிடுங்க. அதுல தெரு நாய், பூனை போன இடத்துல கொக்கிப் புழுக் குஞ்சுங்க இருக்கும், ஈர மண்ணுல நல்லா வாழும், உங்க பொண்ணு காலுக்கும் ஏறும். கிழிச்ச நியூஸ்பேப்பர் போதும். கட்டியாகிற பூனை மணல் இந்த வயசுல வேண்டாம், தின்னு பார்க்கும்.

பாக்_ஜலசந்தி:

கருப்புப் பினாயில் வேண்டவே வேண்டாம். டெட்டாலும் அதே மாதிரிதான். பினால் வகைப் பொருளைப் பூனை ஈரலால உடைக்க முடியாது. தரையில நடந்து பாதத்தை நக்கும்போது உள்ள போகும். பார்வோ வைரஸை நம்பிக்கையாக் கொல்றது பிளீச்சிங் பவுடர்தான். முதல்ல சோப்புத் தண்ணியால அழுக்கைத் தேய்ச்சு எடுங்க, அழுக்கு மேல பிளீச் போட்டா வேலை செய்யாது. அப்புறம் ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய ஊத்தி, பத்து நிமிஷம் ஈரம் காயாம வெச்சிருந்து, நல்ல தண்ணில அலசி, காஞ்ச பிறகு குட்டிய விடுங்க. ஆசிட்டோட கலக்காதீங்க, விஷ வாயு வரும்.

கீழக்கரை_அளவு:

ஒரு சேர்க்கை. அந்த 5 கிராம் கணக்கு புதுப் பாக்கெட்டுக்கு, 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ளதற்கு. நம் பக்கத்து ஈரக் காற்றில் பிரித்த பாக்கெட் விரைவில் வீரியம் இழந்துவிடும். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் மூக்கில் நெடி ஏறாவிட்டாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னப் பாக்கெட்டாக வாங்கி, இறுக்கமான டப்பாவில், ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். கரைத்த தண்ணீரை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.